மேரு புஷ்பவல்லி ஆடிய கலோப்

புஷ்பவல்லிக்குக் கால் சும்மா இருக்காது. காப்பார் ஊர்ப் பக்கம் போய்க் கேட்டால் அவளைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். அதையும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் முதலில் அந்தக் கால்.

அவள் என் தம்பி ராதாகிருஷ்ணனின் மனைவி. தம்பி போய்ச் சேர்ந்த பிறகு, "தனியா இருந்து என்னா செய்யப் போறீங்க அண்ணி, வாங்க" என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள். அன்றிலிருந்து கிள்ளானுக்குப் பக்கத்தில், மேருவில் நாங்கள் இருவரும் ஒரே வீடு. துணி துவைக்கும் மெஷின் கடைசிச் சுற்றில் தடதடவென்று குதிக்கும் அல்லவா, அதோடு சேர்ந்து இவளும் குதிப்பாள். தகரக் கூரையில் மழை விழுந்தால் குழம்புக் கரண்டியும் கையுமாக ஒரு சுற்று வருவாள். எதிர்வீட்டுக்காரன் லோரியைப் பின்னால் எடுக்கும்போது அது டீட் டீட் என்று கத்தும். அதற்குக்கூட இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவாள். ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வேறு. வெட்கம் கிடையாது.

வெட்கம் கிடையாது என்றது வீட்டுக்குள் மட்டும். வாசல் தாண்டிவிட்டால், கால் இரண்டையும் கயிறு போட்டுக் கட்டினவள் மாதிரி நடப்பாள். அதற்குக் காரணம் காப்பார் தீமிதி.

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோயில் வாசலில் நின்று ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். உறுமி மேளம் மூலை திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவுதான், கையில் இருந்த கிண்ணம் எங்கே போனது என்று தெரியாது, இவள் நடுத்தெருவில் ஆடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கோயிலில் அருள் வந்தவர்களைக் கவனித்துக்கொள்வது தம்புசாமி அண்ணன் பொறுப்பு. பூசாரிக்குக் கைத்துணை அவர். ஓடி வந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றி, கையில் வேப்பிலையைத் திணித்து, "ஆத்தா வந்திருக்கா, கேக்கறவங்க கேட்டுக்கலாம்!" என்று கூவிவிட்டார். பெண்கள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

"ஆத்தா, என் மவனுக்கு எப்ப வேல கெடைக்கும்?"

"நாளைக்கு" என்றாளாம் இவள், பயத்தில்.

"ஆத்தா, காணாமப் போன என் மாடு எப்ப வரும்?"

"நாளைக்கு."

மறுநாள் விடிந்ததும் அந்த மாடு வந்து கொட்டகையில் நின்றது. மகனுக்கு வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாடு வந்தது ஒன்றே போதுமாக இருந்தது. அந்த மாட்டுக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் நானும் என் தம்பிக்கு இவளைப் பெண் பார்க்கப் போனேன்.

"அண்ணி, அது ஆத்தா இல்ல. நான்தான் ஆடுனேன். மேளம் நல்லா இருந்திச்சு, ஆடுனேன்" என்று அவள் எனக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

"அப்ப மாடு?"

"மாடு பசிச்சா வீட்டுக்கு வராதா?"

இதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மாடு வந்தது வந்ததுதான்.

ஆனால் அவள் பட்ட பாட்டை நான் மறுக்க மாட்டேன். அதன் பிறகு எந்த மேளத்துக்கு அவள் கால் லேசாக அசைந்தாலும் யாராவது ஒருவர் தண்ணீரோடு ஓடி வந்துவிடுவார். மகள் ஷாமினியின் முதல் பிறந்தநாளில், கேக் வெட்டும் நேரத்தில், கேசட்டில் ஏதோ பாட்டுப் போட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். தாய், பிள்ளை, கேக், மூன்றும் நனைந்தன. அதிலிருந்து எங்கே போனாலும் பையில் ஒரு துண்டும் மாற்று ரவிக்கையும் இருக்கும்.

மேருவில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. வெள்ளைக் கை அச்சுகள் வரிசையாக வரும். காய்ந்த உறையை உருவிப் போட வேண்டும். அந்த மெஷின் டக்கு டக்கு என்று இரண்டு இரண்டாக அடிக்கும். ஒருநாள் தன்னை மறந்து இவள் தோளைக் குலுக்கிவிட்டாள். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அமுதவள்ளி என்ற பெண் பார்த்துவிட்டு, "ஐயோ, அக்காவுக்கு அருள் வந்திருச்சு!" என்று கத்தி, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். மெஷின் மொத்தமும் நின்றது. மேற்பார்வை பார்க்கும் மலாய் அம்மா ஓடி வந்து பார்த்தால், அமுதவள்ளி புஷ்பவல்லியின் காலில் விழுந்து, "எனக்கு மாப்பிள்ள எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குப் புஷ்பவல்லி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை, நாலு பேர் நடுவில் புஷ்பவல்லியாக ஆடிவிட வேண்டும் என்று சொன்னாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

இப்படி இருக்கும்போதுதான் ஷாமினிக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஷா ஆலத்தில் அவள் வேலை செய்யும் ஆபீஸிலேயே பையன். பெயர் கிரிதரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாய் குணபூசணி அம்மா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட புடவை, ஒரு மடிப்புக் கலையாது. அப்பா இல்லை. பையன் தங்கமான பையன். ஒரே ஒரு பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நத்தை மாதிரி சுருண்ட பித்தளைக் குழல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துப் பக்கம் பிரிக்பீல்ட்ஸ் போய்விடுவான். அங்கே ஒரு மண்டபத்தில் முப்பது, நாற்பது பேர் கூடி வெள்ளைக்காரர்களின் பழைய சங்கீதம் வாசிப்பார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர், எல்லாரும் உண்டு. யாருக்கும் அது பிழைப்பு இல்லை, ஆசைக்கு வாசிக்கிறார்கள்.

"வருங்கால மருமகன் என்னா ஊதுறாருன்னு பாத்துட்டு வரலாம் அண்ணி" என்றாள் புஷ்பவல்லி. ஒரு தூக்கு நிறைய வடையோடு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினோம்.

நாங்கள் போய் உட்கார்ந்ததும் ஒன்று ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. ஆனால் குதிரை தெரியும். பந்தயக் குதிரை ஒன்று லாயத்தை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வயலின்கள் பறக்கின்றன, சின்னக் குழல் ஒன்று விசில் அடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது, ஒரு ஆள் முரசை ரட ரட என்று உருட்டுகிறார், பித்தளைக்காரர்கள் பின்னாலிருந்து இடித்துத் தள்ளுகிறார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். புஷ்பவல்லி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூக்கில் இருக்கும் வடை குதிக்கிறது.

வாசித்து முடித்துவிட்டு கிரிதரன் வியர்வையோடு வந்தான். "எப்படி ஆன்டி? ஓகே லா?"

"தம்பி, இது என்னா தம்பி?"

"இதுக்குப் பேரு கலோப், ஆன்டி. டான்ஸ் மியூசிக். நூத்தம்பது வருசம் இருக்கும். அப்பல்லாம் ஐரோப்பால பெரிய பெரிய பால்ரூம்ல ராத்திரி பூரா ஆடுவாங்க. மெதுவா, அழகா, ஒரு தினுசா ஆடிட்டு, கடைசில இதப் போட்டுருவாங்க. அவ்வளவுதான், ஜோடி ஜோடியா கை கோத்துக்கிட்டு ஹாலச் சுத்தி ஓட்டம். கோட்டு போட்ட குண்டு ஜெனரல் கூட ஓடுவாராம்."

"வயசானவங்க?"

"எல்லாரும் ஆன்டி. யாரும் உக்காந்திருக்கக் கூடாது. நம்ம ரிசப்ஷனுக்கு இவங்க எல்லாரும் வந்து இதத்தான் வாசிக்கப் போறாங்க. நானும் ஷாமினியும் ஓடப் போறோம்."

ரயிலில் திரும்பி வரும்போது புஷ்பவல்லி தூக்கு மூடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். கிள்ளான் வந்ததும், "அண்ணி, அதுல சாமியே இல்ல பாத்தீங்களா" என்றாள். "உறுமி இல்ல, கோயில் இல்ல. வெள்ளக்காரன் பார்ட்டிக்குப் போட்டது. அதுக்கு நான் ஆடினா யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க."

எனக்குச் சந்தேகம்தான். ஆத்தா ஊர் பார்த்தா வருகிறாள்?

அதற்குள் நிச்சயதார்த்தம் வந்தது. குணபூசணி அம்மா தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு மெதுவாக ஷாமினியிடம், "பிள்ளை, குறை நினைக்காதை. உங்கட பக்கத்தில அருள் வாற ஆக்கள் இருக்கினமாம் எண்டு கேள்விப்பட்டனான். எனக்குச் சின்ன வயசில இருந்தே அதைக் கண்டால் நடுக்கம். மண்டபத்தில அப்பிடி ஒண்டும் நடக்காதுதானே?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை. தாம்பூலத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் கேட்டார்.

அன்று மாலையே ஷாமினி தாயின் முன்னால் வந்து நின்றாள்.

"மா, ப்ளீஸ்மா. அந்த மியூசிக் போடறப்ப நீங்க சீட்ட விட்டு எந்திரிக்காதீங்க."

"நான் சும்மா ஒரு ஓரமா..."

"ஓரமா ஆடினாலும் தம்புசாமி மாமா பாத்துருவாரு. காப்பார் ஆளுங்க மட்டும் அஞ்சு டேபிள்மா. அவங்க அம்மா பயந்துக்குவாங்க. எனக்காக லா."

"சரிடி" என்றாள் புஷ்பவல்லி.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. மெஷின் தடதடத்தது, அவள் துணியை மடித்துக்கொண்டு நின்றாள். மழை கொட்டியது, அவள் சன்னலைச் சாத்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாரு வல்லி. காப்பார் கோயிலுக்குப் போவோம். சூடம் ஏத்தி, 'ஆத்தா, ஞாயித்துக்கிழம மத்தியானம் மட்டும் நீ வராத, இவ ஆடிட்டுப் போவட்டும்'னு கேட்டுட்டு வந்துருவோம்."

அவளுக்கு வந்ததே கோபம்! "ஆத்தாகிட்ட நான் ஏன் அண்ணி லீவு கேக்கணும்? ஆடுறது நானு! எனக்கு நானே லீவு சொல்லணுமா?"

"கேட்டு வச்சா என்னா கொறஞ்சிருவ?"

"நான் வரல."

வராவிட்டால் போகட்டும். நானே காப்பாருக்குப் போய், சூடம் ஏற்றி, விவரம் சொல்லிவிட்டு வந்தேன். பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. மதியம் கிள்ளானில் ஒரு ஹோட்டல் பால்ரூமில் விருந்து. பொண்ணு மாப்பிள்ளை உட்கார வேண்டிய மேடையில் பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியும் வாத்தியமுமாக நிறைந்திருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் கீழே. நடுவில் ஆடுவதற்குத் தரை விட்டிருந்தார்கள். எங்கள் மேசையில் புஷ்பவல்லி, அந்தப் பக்கம் குணபூசணி அம்மா, இந்தப் பக்கம் நான். பின்னால் ஐந்து மேசை காப்பார் ஆட்கள், தலைமையில் தம்புசாமி அண்ணன். எண்பதை நெருங்கிவிட்டார், ஆனால் கண் இன்னும் கழுகுக்கண்.

மெதுவாக ஒன்றிரண்டு வாசித்தார்கள். கோழி வந்தது, மீன் வந்தது. பிறகு வாசிப்பவர்களுக்கு முன்னால் நிற்கும் சீனர் திரும்பி, கிரிதரனைப் பார்த்துக் கண்ணடித்துக் கோலைத் தூக்கினார்.

குதிரை பாய்ந்தது.

கிரிதரன் ஷாமினியின் கையைப் பிடித்தான். இருவரும் தரையில் பறந்தார்கள். பட்டுப் புடவை, மாலை, கொண்டைப்பூ, எல்லாம் அவள் பின்னால் ஓடி வந்தன. சனங்கள் விசில் அடித்தார்கள். எங்கள் மேசையில் மட்டும் ரோஸ் சிரப் கண்ணாடிக் கோப்பைகள் தாமாகக் கிணுகிணுத்தன.

"என்ன சம்மந்தி, நிலம் கிலம் ஆடுதோ?" என்றார் குணபூசணி அம்மா.

"நிலம் இல்லீங்க" என்றாள் புஷ்பவல்லி. "என் முட்டி."

"பேசாம இரு" என்று நான் அவள் முந்தானையைப் பிடித்தேன். பிடித்த முந்தானை கையோடு வரவில்லை, அவளோடு போய்விட்டது. போகிறாள்! இரண்டு எட்டு பக்கவாட்டில், ஒரு குதி, மறுபடி இரண்டு எட்டு. முரசுக்காரர் ரட ரட என்று உருட்டிய உருட்டில் அவள் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. கொண்டை அவிழ்ந்தால் தம்புசாமி அண்ணனுக்குப் போதாதா?

"வழி விடுங்க! ஆத்தா வந்துட்டா! தண்ணி! மஞ்சத்தண்ணி! வேப்பல!"

ஐந்து மேசையும் எழுந்தது. காப்பார் பெண்கள் குலவை போட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக வாசித்தார்கள். பரிமாறும் பெண் ஒருத்தி சமையலறைக்குள் ஓடி, வேப்பிலைக்குப் பதில் ஒரு கொத்துக் கருவேப்பிலையும், எலுமிச்சைத் துண்டு மிதக்கும் ஐஸ் தண்ணீர் ஜாடியும் கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். ஷாமினி நடுத்தரையில் நின்றுவிட்டாள், முகம் வெளுத்து. குணபூசணி அம்மா என் கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. எனக்கோ ஒரே கோபம். நான் சொல்லிவிட்டுத்தானே வந்தேன் ஆத்தாவிடம்!

தம்புசாமி அண்ணன் புஷ்பவல்லியின் முன்னால் போய்க் கருவேப்பிலையை இரண்டு கையாலும் ஏந்தினார்.

"தாயே! வந்திருக்கிறது யாரு? மாரியா, காளியா? பேரச் சொல்லு!"

புஷ்பவல்லி ஆட்டத்தை நிறுத்தவில்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, அந்த மண்டபமே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"புஷ்பவல்லி! மேரு கிளவுஸ் பேக்டரி! பொண்ணோட அம்மா!"

தம்புசாமி அண்ணன் ஒரு நொடி யோசித்தார். எத்தனை சாமியைப் பார்த்தவர், லேசில் விட மாட்டார். "சோதிக்காத தாயே! உனக்கு என்னா வேணும் கேளு, செஞ்சிர்றோம்! கோழியா, கெடாவா?"

"கையக் கோக்க ஒரு ஆளு வேணும்ண்ணே! இது ஒண்டியா ஆடற ஆட்டம் இல்ல!"

இப்படி ஒரு வேண்டுதலை அவர் கேட்டதே இல்லை. ஜாடியைப் பிடித்தபடி காப்பார் மேசைகளைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. சாமியின் கையை யார் பிடிப்பது?

அப்போது என் கையிலிருந்து நகம் விலகியது. குணபூசணி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

"எங்கங்க போறீங்க?"

"அவ பேரைச் சொல்லிப்போட்டாவெல்லோ. அம்மன் எண்டால் எனக்குப் பயம். புஷ்பவல்லி எண்டால் எனக்கென்ன பயம்?" எழுந்து கஞ்சிப் புடவையைச் செருகிக்கொண்டார். "இவன் இத்தனை நாளும் அறைக்குள்ள இருந்து பொம் பொம் எண்டு மட்டும்தான் ஊதினவன். எனக்குத் தலையிடி. இதுதான் முழுப்பாட்டு எண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

நேராகப் போனார். கையை நீட்டினார். புஷ்பவல்லி அதைப் பிடித்த பிடியில் அந்த அம்மாள் தரையில் இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. இரண்டு சம்பந்தியும் ஓடுகிறார்கள்! ஒன்று கறுப்பு, குட்டை, முடி விரிந்து; மற்றது நெட்டை, விறைப்பு, "ஐயோ மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டு, ஆனால் கையை விடாமல். அவர்கள் எதிரே வந்ததும் ஷாமினி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள். பூ கொட்டக் கொட்ட ஓடி வந்து தாயின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மா, நீங்க நல்லா ஆடுறீங்க மா!"

"முப்பது வருசமா வீட்டுல பாத்துக்கிட்டுத்தானடி இருக்க!"

அந்தச் சங்கீதத்தில் ஒரு குறை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. டமார் என்று கடைசி அடி விழுந்ததும் எல்லாரும் இருந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். தம்புசாமி அண்ணன் ஜாடியைப் பார்த்தார், புஷ்பவல்லியைப் பார்த்தார், ஜாடியைத் தூக்கி மடக் மடக்கென்று தானே குடித்தார்.

"இன்னொரு தடவ!" காப்பார் மேசையிலிருந்து ஒரு பெண் குரல்.

"ஒன்ஸ் மோர் லா!" மேடைக்குப் பக்கத்தில் வேறு யாரோ.

சீனர் சிரித்துக்கொண்டே கோலைத் தூக்கினார். இந்தத் தடவை ஐந்து மேசையும் தண்ணீருக்காக எழவில்லை. தலையில் பூ வைத்த கிழவிகள், தொப்பை வைத்த மாமாக்கள், பரிமாறும் பெண், அவள் கையில் கருவேப்பிலை. பாதிப் பேர் வலது பக்கம் ஓடினார்கள், பாதிப் பேர் இடது பக்கம். மோதிக்கொண்டு "சாரி சாரி" என்று மறுபடி ஓடினார்கள்.

தம்புசாமி அண்ணன் என் முன்னால் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வாம்மா மாரியாயி."

"எனக்கு முழங்கால் வலி அண்ணே."

"எனக்கு மட்டும் என்னா? வா."

நான் எழுந்திருக்கவே இல்லை, மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன் என்று ஷாமினி இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பொய். கண்ணாடியை ரவிக்கைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. தம்புசாமி அண்ணன் பிடி உடும்புப்பிடி. சுவர் சுற்றுகிறது, விளக்குச் சுற்றுகிறது, மேடையில் பித்தளை எல்லாம் சுற்றுகிறது. முன்னால் சம்பந்தியம்மாவை இழுத்துக்கொண்டு ஓடும் புஷ்பவல்லி திரும்பிப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டே போகிறாள்.

"அண்ணி, என்னா அன்ன நட நடக்கிறீங்க? குதிங்க லா! ரெண்டு ரெண்டா வைங்க கால!"